கூடை சுமக்கவா படைக்கப்பட்டான் மனிதன்?

ரமளான் மாதத்தில் ஓரிரவு, தராவீஹ் தொழுகை முடிந்து விருதுநகரில் ஒரு பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்திருந்தேன். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையொன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் அருகில் வந்து ஸலாம் உரைத்தார். அவருடைய நகக்கண்களில் வெள்ளி நிறத்தில் மருந்துத்தூள் படிந்திருந்தது. எத்தனை முறை கழுவினாலும் அது முற்றிலும் போவதில்லை என்பதை அப்பகுதி மக்கள் அறிவர்.

“மாமா, ஒரு சந்தேகம். கோபப்படக் கூடாது” என்று தொடங்கி, கைபேசியில் தாம் பார்த்த படம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். அனுன்னாக்கி எனப்படும் வேற்றுக் கோளத்தார் தங்கள் சுரங்க வேலைக்காக மனிதனை உண்டாக்கினார்களாம். அடிமைத் தொழிலுக்கென்றே நம் உடலையும் மூளையையும் அமைத்தார்களாம். “எங்களைப் பார்த்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் போலிருக்கிறது, மாமா” என்று சொல்லிச் சிரித்தார்.

அச்சிரிப்பு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆதம் நபியைப் பற்றிய ஐயம் மட்டுமாக இருந்திருந்தால், ஆலிம் ஒருவரிடம் அனுப்பிவிட்டு நானும் வீடு சென்றிருப்பேன். ஆனால் அவர் தம் வாழ்வுக்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார். அக்காரணம் அவருக்குக் கைபேசியில் கிடைத்துவிட்டது. அது பொய்யான காரணம் என்பதையும், அப்பொய் நாலாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதையும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையும் கதைக்காரர்களும்

இக்கதை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1968-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டவரான எரிக் ஃபான் டேனிக்கன் என்பார், பண்டைய மக்கள் தேவர்கள் என்று வணங்கியோர் எல்லாம் விண்கலம் ஏறி வந்த வேற்றுக் கோளத்தாரே என்று ஒரு நூல் எழுதினார். உலகின் பல மொழிகளில் அது இலட்சக்கணக்கில் விற்றது. எகிப்தின் பிரமிடும் மாயா மன்னனின் கல்லறை மூடியும் அவருக்கு விண்வெளியாரின் கைவேலையாகவோ விண்கலத்தின் உருவமாகவோ தோன்றின.

எட்டாண்டு கழித்து, 1976-இல், பாகூ நகரில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஸெக்கரியா சிட்சின் என்பவர் ‘பன்னிரண்டாம் கோள்’ என்னும் பொருள்படும் பெயரில் தம் நூலை வெளியிட்டார். சூரியனை 3,600 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவரும் நிபிரு என்றொரு கோள் உண்டாம். அதன் குடிகள் அனுன்னாக்கிகள். தங்கள் கோளின் காற்று மண்டலத்தைக் காக்கத் தங்கம் தேவைப்பட்டதால் ஏறத்தாழ நாலரை இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமியில் இறங்கினர். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் சுரங்கம் தோண்டினர். தோண்டிக் களைத்தவர்கள் கலகம் செய்யவே, அக்காலத்து வாலில்லாக் குரங்கினத்தோடு தங்கள் வித்தைக் கலந்து ஓர் ஊழியனைச் செய்தனர். அந்த ஊழியனே மனிதன்! இவையெல்லாம் சுமேரியரின் களிமண் ஏடுகளில் எழுதப்பட்டுள்ளன என்று அவர் சாதித்தார். சிட்சின் 2010-இல் மறைந்தார். அவர் கட்டிய கதையோ இன்று நம் பிள்ளைகளின் தலையணைக்கருகில் விழித்துக்கொண்டிருக்கிறது.

ஏடுகள் சொல்வதென்ன?

தஜ்லா, புராத் என்னும் இரு நதிகளுக்கிடையே, இன்றைய இராக்கின் தென்பகுதியில் வாழ்ந்தவர்களே சுமேரியர். ஈரக் களிமண்ணில் நாணற்கோலால் ஆப்பு வடிவில் எழுதி உலர்த்திய அவர்களுடைய ஏடுகள் பல்லாயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. ஆப்பெழுத்தைப் படிக்கக் கற்றவர்கள் எளிதில் உலகின் நம்பிக்கையைப் பெறவில்லை. 1857-இல் இலண்டன் அரச ஆசியக் கழகம், அசீரிய மன்னன் திக்லத் பிலேசரின் சாசனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஒப்பெர்ட் ஆகிய நால்வர் தனித்தனியே அதை மொழிபெயர்த்து முத்திரையிட்டு அனுப்பினர். பிரித்துப் பார்த்தபோது நால்வர் கூற்றும் பெரும்பாலும் ஒத்திருந்தன. பின்னர், பாபிலோனிய எழுத்தர்களே தொகுத்துவைத்த இருமொழிச் சொற்பட்டியல்களின் துணையால் சுமேரிய மொழியும் விளங்கலாயிற்று.

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து பழகிய சமுதாயம் நாம். நால்வர் தனித்தனியே சொல்லி ஒத்துப்போன செய்திக்கும், ஒருவர் மட்டுமே சொல்லி வேறெவரும் ஒப்பாத செய்திக்கும் உள்ள வேறுபாட்டை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. சிட்சினின் மொழிபெயர்ப்பு இரண்டாவது வகையைச் சார்ந்தது.

அனுன்னாக்கி என்னும் சொல்லுக்கு ‘வானிலிருந்து பூமிக்கு வந்தோர்’ என்று அவர் பொருள் கூறினார். மொழியறிந்தோர் கூறும் பொருள் ‘அரச வித்து’, அதாவது உயர்குடி மக்கள் என்பதாகும். இத்தெய்வங்கள் வானில் மட்டுமா இருந்தன? இனன்னா என்னும் பெண்தெய்வம் பாதாளம் இறங்கிய கதையில் அனுன்னாக்கியர் எழுவர் பாதாளத்தில் நீதிபதிகளாக அமர்ந்திருக்கின்றனர். பிற்கால ஏடுகளிலோ அவர்கள் பெரும்பாலும் பாதாளவாசிகளே. விண்கலத்தில் வந்திறங்கியவர்களுக்குப் பாதாளத்தில் என்ன அலுவல் என்று எவரும் கேட்பதில்லை.

நிபிரு என்பது பாபிலோனியரின் வானநூலில் மர்துக் தெய்வத்துக்குரிய விண்மீன். பெரும்பாலும் அவர்கள் குறித்தது நாமறிந்த வியாழனையே. புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்து கோள்களுக்கு மேல் அவர்கள் அறிந்திருக்கவில்லை. பெர்லின் அருங்காட்சியகத்திலுள்ள ஓர் உருளை முத்திரையில் பன்னிரு கோள்களும் வரையப்பட்டுள்ளன என்பது சிட்சினின் பெரிய சான்று. அம்முத்திரையில் ஒரு விண்மீனும் சில புள்ளிகளும் உள, எழுத்துக்களும் உள. அவ்வெழுத்துக்கள் கூறுவன ஆட்பெயர்களையே. கோள் பற்றி ஓரெழுத்தும் இல்லை.

இதே நிபிரு 2003-இல் பூமியை மோதும் என்றார்கள்; மோதவில்லை. 2012 டிசம்பர் 21-இல் மோதும் என்றார்கள். மறுநாளும் பாங்கோசையில்தான் நமக்கு விடிந்தது. கியாமத்து நாளின் அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே உண்டு என்று ஓதியவர்களின் வீடுகளிலும் அந்நாளில் அச்சம் பரவியது வெட்கத்துக்குரியது.

கூடை யாருடையது?

அப்படியானால் மனிதனை ஊழியத்துக்காகச் செய்தார்கள் என்பது முழுக்க முழுக்கச் சிட்சினின் கற்பனையா? இல்லை. இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். தங்கமும் விண்கலமும் குரங்கும் அவருடைய சரக்கு. அடிமைத்தனமோ ஏட்டிலேயே உள்ளது.

அத்ரஹாஸிஸ் எனப்படும் பழங்கதையின் பிரதியொன்று கி.மு. 17-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. லாம்பர்ட், மில்லார்ட் என்னும் இருவர் 1969-இல் அதை மூலத்தோடும் மொழிபெயர்ப்போடும் பதிப்பித்தனர். கதை இதுதான்: சிறு தெய்வங்கள் ஆறும் வாய்க்காலும் தோண்டி மண் சுமந்தன. நெடுங்காலம் உழைத்து நொந்தபின் கருவிகளைத் தீயிலிட்டு, தலைமைத் தெய்வமான என்லிலின் மாளிகையை நள்ளிரவில் சூழ்ந்துகொண்டன. அறிவுத் தெய்வமான என்கி ஒரு வழி சொன்னது. தெய்வமொன்றைக் கொன்று, அதன் ஊனையும் உதிரத்தையும் களிமண்ணில் பிசைந்து மனிதனைச் செய்தார்கள். இனித் தெய்வங்களின் மண்கூடையை அவன் சுமக்கட்டும்! தெய்வங்கள் விடுதலை பெற்றன. கூடை மனிதன் தலைக்கு மாறியது.

அக்கதையில் தங்கச் சுரங்கம் இல்லை, தோண்டப்பட்டது வாய்க்கால். வாய்க்கால் தோண்டும் வேலை யாருக்கு இருந்தது? ஆற்றுப் பாசனத்தால் வாழ்ந்த அந்நாட்டின் மன்னர்களுக்கும் கோவில் அதிகாரிகளுக்கும் இருந்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வண்டல் அள்ளிக் கரை கட்டாவிடில் விளைச்சல் இல்லை. கி.மு. 21-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கணக்கேடுகளில், இன்ன கூட்டத்தில் இத்தனை ஆட்கள், இன்னாருக்கு இத்தனை படி வாற்கோதுமை என்று கூலி விவரம் வரிவரியாக எழுதப்பட்டுள்ளது. நெசவுச் சாலைகளில் உழைத்த பெண்களுக்கும் அவர்களோடிருந்த குழந்தைகளுக்கும் அளந்த தானியக் கணக்கும் அதில் உண்டு. அந்தக் கூலியாள் நிமிர்ந்து, “ஏன் நான் சுமக்க வேண்டும்?” என்று கேட்டால் என்ன விடை சொல்வது? “நீ சுமப்பதற்கென்றே படைக்கப்பட்டாய்” என்பதைவிட ஆள்வோருக்கு உதவும் விடை வேறுண்டா?

சிட்சின் அந்த விடைக்கு விண்வெளி உடை அணிவித்தார். தெய்வம் என்ற இடத்தில் வேற்றுக் கோளத்தார். களிமண் என்ற இடத்தில் மரபணு. வாய்க்கால் என்ற இடத்தில் சுரங்கம். கூடை மட்டும் அதே தலையில் இருக்கிறது.

பசிக்கும் தெய்வங்கள்

அத்தெய்வங்களின் பிற இயல்புகளையும் பாருங்கள். மனிதர் பெருகி இரைச்சல் மிகுந்ததால் என்லிலின் உறக்கம் கெட்டதாம். அதற்காகக் கொள்ளைநோய், பஞ்சம், இறுதியில் வெள்ளம்! ஆயத்துல் குர்ஸியை மனனம் செய்த நம் வீட்டுச் சிறுமி, உறக்கம் தீண்டும் ஒன்று இறைவனாக இருக்கவியலாது என்பதை அறிவாள். நூஹ் நபி (அலை) அவர்களின் காலத்து வெள்ளத்தைத் திருமறையும் கூறுகிறது. ஆனால் அது அநீதியையும் மறுப்பையும் காரணமாகக் காட்டுகிறது. நெடுங்காலம் எச்சரித்த பின்னரே அது வந்தது.

அத்தெய்வங்களுக்குப் பசியும் உண்டு. வெள்ளத்தில் மனிதர் மாண்டபின் படையல் இன்றி அவை வாடின. உருக் நகரக் கோவிலில் நாள்தோறும் நான்கு வேளை உணவு படைத்த விவரம் பிற்கால ஏடொன்றில் உள்ளது.

இப்பின்னணியில் இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் வரலாற்றை ஓதுங்கள். அவர்கள் பிறந்த ஊரின் பெயரைத் திருமறை கூறவில்லை. பைபிள் ஊர் என்னும் நகரைக் கூறும். முஸ்லிம் வரலாற்றாசிரியர் பலர் பாபில் நாட்டைக் கூறுவர். எப்படியாயினும் விண்மீனும் சந்திரனும் சூரியனும் தெய்வங்களாக இருந்த நிலம் அது. 1922 முதல் 1934 வரை லியோனார்ட் வூலி அகழ்ந்த ஊர் நகரின் தலைமைத் தெய்வமே நன்னா எனும் சந்திரன்தான். அல்அன்ஆம் அத்தியாயம், மறையக்கூடியவற்றைத் தாம் நேசிப்பதில்லை என்று அந்நபி ஒவ்வொன்றாக நீக்கியதை எடுத்துரைக்கிறது. அஸ்ஸாஃப்பாத் அத்தியாயமோ, ஆளில்லாத வேளையில் அவர்கள் சிலைகளிடம் சென்று, நீங்கள் உண்ணமாட்டீர்களா என்று கேட்டதைக் கூறுகிறது. இளமையில் அதை ஓதியபோது குறும்புக் கேள்வி என்றே நினைத்தேன். நான்கு வேளைப் படையலைப் பற்றி அறிந்தபின்தான் அக்கேள்வியின் கூர்மை விளங்கிற்று. மனிதனை ஊழியனாக வைத்திருந்த ஏற்பாடு முழுவதும், தெய்வத்துக்குப் பசிக்கும் என்ற ஒரே தூணில் நின்றது. இப்ராஹீம் நபி (அலை) முதலில் தட்டிப் பார்த்தது அத்தூணையே.

அத்தாரியாத் அத்தியாயம் அதை முற்றிலும் தகர்த்துவிடுகிறது. தன்னை வணங்குவதற்கே ஜின்னையும் மனிதரையும் படைத்ததாகக் கூறும் இறைவன், அவர்களிடமிருந்து வாழ்வாதாரமோ உணவோ தான் நாடவில்லை என்று உடனே சேர்த்துக் கூறுகிறான். உழைப்புக் கேளாத இறைவனுக்கே அடிமையாவதால், உழைப்பைச் சுரண்டுவோர் எவருக்கும் அடிமையாகாத நிலை மனிதனுக்குக் கிட்டுகிறது.

களிமண் ஒன்று, காரணம் வேறு

“உங்கள் திருமறையும் மனிதன் களிமண்ணால் ஆனவன் என்றுதானே சொல்கிறது? சுமேரியரிடம் எடுத்ததுதானே அது?” என்று கேட்பாருளர். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை கூறுவோம். மண்ணில் விளைந்ததை உண்டு மண்ணிலேயே அடங்கும் மனிதன், மண்ணால் ஆனவன் என்னும் செய்தி பல சமுதாயங்களிடம் இருப்பதில் வியப்பில்லை. எல்லாச் சமுதாயத்துக்கும் தூதர் வந்தனர் என்று நம்புவோருக்கு, பழைய உண்மையின் எச்சம் ஏட்டில் சிதைந்து கிடப்பதும் புதிரன்று. ஆனால் மண்ணை எடுத்த காரணத்தைப் பாருங்கள். அங்கே கூடை சுமக்க ஆள் வேண்டியிருந்தது. இங்கே பூமியில் பிரதிநிதியாக்குவதற்காகப் படைப்பு நிகழ்கிறது, பெயர்கள் அனைத்தும் கற்பிக்கப்படுகின்றன, வானவர்கள் பணிகின்றனர். அங்கே வேலைக்காரனுக்குக் கருவி தரப்பட்டது. இங்கே மாணவனுக்குக் கல்வி தரப்பட்டது. இரண்டையும் ஒன்றென்பவர் இரண்டையும் படிக்காதவரே.

நம் வீட்டுக் குறை

பிறரைக் குறை கூறும் நாம் நம் முற்றத்தையும் பெருக்க வேண்டும். புராக்கை ஏவுகணை என்றும், ஹாரூத் மாரூத்தை வேற்றுக் கோளத்தார் என்றும், ஜின்களைப் பறக்கும் தட்டில் வருவோர் என்றும் விளக்கம் கூறி மகிழ்வோர் நம்மிடையேயும் உள்ளனர். மிஃராஜை நம்புவதற்கு ராக்கெட்டின் சான்று தேவைப்பட்டால் அந்த ஈமான் எத்தகையது? டேனிக்கன் செய்த பிழையும் இதுவே. புரியாததையெல்லாம் இயந்திரமாக்கிப் புரிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டார்.

நம் நாட்டுச் சகோதரர் சிலரும் இதற்கு விலக்கல்லர். பரத்வாஜ முனிவர் அருளிய விமான நூல் என்று போற்றப்படும் ‘வைமானிக சாஸ்திரம்’, ஆனேக்கல் சுப்பராய சாஸ்திரி என்பவர் 1918-க்கும் 1923-க்கும் இடையே வாய்மொழியாகச் சொல்லி எழுதப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர் ஐவர் 1974-இல் அதை ஆராய்ந்து, அந்நூல் 20-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதன்று என்றும் அதிலுள்ள விமானங்கள் பறக்கவே இயலாதவை என்றும் தெளிவாக்கினர். தமிழ்ப்பற்றிலும் இத்தகைய மயக்கம் உண்டு. சுமேரிய நகரின் பெயர் ஊர், நமக்கும் ஊர், ஆகவே சுமேரியர் தமிழர் என்று முடித்துவிடுகிறார்கள். இலங்கைப் பேராசிரியர் ஆ. சதாசிவம் 1965-இல் சுமேரிய மொழி திராவிட மொழியே என்று நூலெழுதி வாதிட்டார். அறிஞர் உலகம் அதை ஏற்கவில்லை. எனினும் அது இலக்கணத்தை முன்வைத்த வாதம். ஒலி ஒத்தால் உறவு என்பது வாதமே ஆகாது.

விண்ணில் வேறெங்கும் உயிர்கள் இல்லையென்று நாம் வாதிடவில்லை. வானங்களிலும் பூமியிலும் உயிரினங்களைப் பரப்பியிருப்பதாகத் திருமறையே கூறுகிறது. நம் இறைவன் அகிலங்களின் இரட்சகன். நம் வழக்கு, அவ்வுயிர்கள் எவையேனும் நம்மைப் படைத்த எசமானர்கள் என்னும் கூற்றோடுதான்.

கைகளின் சாட்சியம்

இக்கதையால் இழிவுபடுத்தப்படுவோர் இறந்துபோன உழைப்பாளிகளும்தாம். ஊர் நகரத்தின் படிக்கட்டுக் கோபுரத்தைக் கி.மு. 2100-ஐ ஒட்டி ஊர்நம்மு என்னும் மன்னன் எழுப்பினான். அதன் செங்கற்களில் அவன் பெயர் முத்திரையாக உள்ளது. அந்நகரத்துச் செங்கல் ஒன்றில், காயுமுன் மிதித்துச் சென்ற நாயின் காலடியும் பதிந்திருக்கிறது. செங்கற்சூளைப் பக்கம் போயிருப்போருக்கு அது பழகிய காட்சி. தஞ்சைப் பெரிய கோவிலையும் விண்வெளியாருக்குத் தாரை வார்ப்போர் உளர். அங்கே குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைத் தச்சரின் பெயரே கல்லில் இருக்கிறது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டைக்கு அருகே விஜயகரிசல்குளம் மேட்டில் 2022-இல் தொடங்கிய அகழாய்வில் நுண்கற்கருவிகளும், சங்கு வளையல்களும், கண்ணாடி மணிகளும், சூதுபவளமும், சிறுவர் ஆடிய சில்லுவட்டுகளும் கிடைத்தன. கடற்சங்கை இங்கே கொண்டுவந்து அறுத்து வளையலாக்கியவர் யார்? இவ்வட்டாரத்து மனிதரே. அக்கைத்திறனின் வழித்தோன்றல்களே 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய ஐயநாடாரும் சண்முக நாடாரும். வானம் பார்த்த இக்கரிசல் பூமியைத் தொழில் நகராக்கிய ஆயிரமாயிரம் பெயரறியாத் தொழிலாளரும்.

சிவகாசித் தொழிலாளி ராக்கெட் செய்கிறார். வெடியுப்பு, கந்தகம், கரி இவற்றின் அளவும், எரிந்த வாயு கீழ்நோக்கிப் பாய்வதால் குழல் மேலெழும் முறையும், குச்சியின் நீளம் குறைந்தால் அது எங்கே திரும்பும் என்பதும் அவர் கைக்குத் தெரியும். ஒன்றை ஓர் அடி உயர்த்துவதற்கு எத்தனை கவனம் வேண்டும் என்றறிந்த அவரிடம், கல்லில் செதுக்கிய கோடு விண்கலம் என்று எவரேனும் சொன்னால், “மருந்து எங்கே வைத்தார்கள்?” என்று அவரே திருப்பிக் கேட்கலாம்.

அவர் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அறையொன்றில் அளவுக்கு மீறிய ஆட்கள், வரம்பை மீறிய மருந்து, ஓர் உராய்வு என்று நாளேடுகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே செய்தியைப் படிக்கிறோம். இவை விதிகளால் தடுக்கக்கூடியவை. மனிதன் உழைத்துச் சாகவே செய்யப்பட்டவன் என்று நம்புவோன் விதியைக் கேட்கமாட்டான், முகமூடியும் கேட்கமாட்டான், மகனின் படிப்பையும் கேட்கமாட்டான். இக்கதை பொழுதுபோக்கு என்று விட்டுவிட முடியாமைக்குக் காரணம் இதுவே.

அன்றிரவு அவ்விளைஞரிடம் நான் சொன்னது சுருக்கமானது. “தம்பி, அந்தக் கதையில் தெய்வங்கள் கூடையை இறக்கி மனிதன் தலையில் வைத்தன. நம் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் பள்ளிவாசல் எழும்பியபோது கல் சுமந்தார்கள். அகழ்ப் போரில், பசியோடு, தோழர்களோடு தோழராக மண் சுமந்தார்கள். தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்னார்கள். உழைப்பதில் இழிவில்லை. உழைப்பதற்காக மட்டுமே பிறந்தாய் என்று எவன் சொன்னாலும், அவன் உன் கூலியில் கைவைக்கப் பார்க்கிறான் என்று தெரிந்துகொள்.”

அவர் இம்முறை சிரிக்கவில்லை. “இதை ஏன் மாமா எங்களுக்கு யாரும் சொல்லவில்லை?” என்று கேட்டார்.

பெற்றோர்களே, உலமாப் பெருமக்களே, ஜமாஅத் தலைவர்களே! அக்கேள்வி நம் அனைவருக்கும் உரியது. பிள்ளைகள் ஐயம் கேட்டால் “தவ்பாச் செய்” என்று அதட்டி அனுப்பாதீர்கள். அவர்களோடு அமர்ந்து அந்தப் படத்தைப் பாருங்கள். ஏடு என்ன சொல்கிறது, திருமறை என்ன சொல்கிறது என்று எடுத்துக்காட்டுங்கள். ஆதமின் மக்களைக் கண்ணியப்படுத்தியதாக இறைவன் அறிவித்திருப்பதை மிம்பரில் ஓதும் நாம், அக்கண்ணியம் பட்டாசு ஆலையின் அறைக்குள்ளும் செல்லுபடியாக வேண்டும் என்று வாய்திறந்து பேசுவோம். அடுத்த ரமளானில் வேறோர் இளைஞர் அதே முற்றத்தில் அதே கேள்வியோடு வருவார். அவருக்கு விடை சொல்ல நம் ஜமாஅத்தில் ஒருவரேனும் ஆயத்தமாக இருக்கட்டும்.